ஜெர்மன் அரங்கச் சொற்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது எப்படி?

கேள்வி இது: ஜெர்மன் நாடக அரங்கு ஒன்றின் பருவ மலரையும் சில ஒப்பந்தங்களையும் ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டியிருக்கிறது, 'இன்டெண்டன்ட்', 'டிராமாடுர்க்', 'இன்ஸ்பிட்ஸியென்ட்' போன்ற சொற்களுக்கு ஒவ்வோர் அகராதியும் ஒவ்வொன்றைச் சொல்கிறது, நம்பி எடுத்தாளக்கூடிய சொற்பட்டியல் ஏதாவது உண்டா?

பட்டியல்கள் இருக்கின்றன. கம்பி, கப்பி, விளக்கு, திரை என்று கையால் தொடக்கூடிய பொருள்களுக்கு அவை உதவும். நீங்கள் கேட்ட மூன்று சொற்களுக்கும் உதவாது. அந்த மூன்றும் பதவிப் பெயர்கள். பதவி என்பது ஒரு நிர்வாக அமைப்புக்குள் இருக்கும் இடம். அந்த அமைப்பே ஆங்கிலம் பேசும் நாடுகளில் வேறு மாதிரி இருக்கும்போது, அதே இடத்துக்கு அங்கே புழங்கும் பெயரை அகராதி எங்கிருந்து கொண்டுவரும்? ஆகவே சொல்லைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கட்டடத்துக்குள் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். என் பதில் முழுக்க இதைச் சுற்றித்தான் போகும்.

ஜெர்மனியில் நகரமோ மாநிலமோ பணம் கொடுத்து நடத்தும் பொது அரங்குகள் சுமார் 140 இருக்கின்றன. பலவற்றில் ஒரே கூரையின் கீழ் ஓபரா, பேச்சு நாடகம், பாலே என்று மூன்று பிரிவுகள். நடிகர்கள், பாடகர்கள், இசைக்குழு, தச்சர்கள், தையற்கூடத்தார், விளக்குக்காரர்கள் என எல்லோரும் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள். இன்று ஷில்லரின் நாடகம், நாளை ஓர் ஓபரெட்டா (இலகுவான இசை நாடகம்), மறுநாள் ஒரு புது நாடகம் என்று நிகழ்ச்சி இரவுக்கு இரவு மாறும். ஒரே தயாரிப்பு சில ஆண்டுகள்கூட இப்படி விட்டுவிட்டு வந்துகொண்டிருக்கும். லண்டனிலும் நியூயார்க்கிலும் பெரும்பாலான இடங்களில் வழக்கம் வேறு. ஒரு நாடகத்துக்கென்று ஆட்களைச் சேர்ப்பார்கள், ஒத்திகை பார்ப்பார்கள், அதே நாடகத்தைத் தொடர்ந்து ஓட்டுவார்கள். ஓட்டம் முடிந்ததும் எல்லோரும் கலைந்துவிடுவார்கள்.

இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல்கள் முன்கூட்டியே தெரிந்துவிடும். 'ரெபர்டுவார்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை 'ரெபர்ட்டரி' என்று எழுதினால் வயதான பிரிட்டிஷ் வாசகருக்கு நினைவுக்கு வருவது, ஒவ்வொரு வாரமும் ஒரு புது நாடகத்தை அவசரமாகத் தயாரித்துத் தள்ளிய மாகாணக் குழுக்கள்தான். ஜெர்மன் முறையில் நாடகங்கள் மாறி மாறி வருகின்றன என்பதைச் சொல்ல 'ரொட்டேட்டிங் ரெபர்ட்டரி' என்று ஒரு அடைமொழி சேர்த்துவிடுங்கள். 'ஷ்டாட்தேயாட்டர்' என்பதை 'முனிசிபல் தியேட்டர்' என்று பெயர்ப்பவர்களும் உண்டு. அகராதிப்படி குற்றமில்லை, ஆனால் ஆங்கில வாசகருக்கு நகராட்சி மன்ற மண்டபம் ஒன்றில் உள்ளூர்க்காரர்கள் பொழுதுபோக்காக நடிப்பது கண்முன் வரும். அரசு மானியத்தில் நிலையான குழுவோடு இயங்கும் அரங்கு என்று முதல் முறை விளக்கிவிட்டு, பிறகு ஜெர்மன் சொல்லையே எழுதுவது நல்லது. இந்த மானிய அமைப்புக்கு வெளியே இயங்குகிறவர்களை 'ஃப்ரைய ஸேன' என்பார்கள். இதை 'ஃப்ரிஞ்ச்' ஆக்காதீர்கள். அந்தச் சொல்லில் எடின்பரோ திருவிழாவின் வாடை தூக்கலாக அடிக்கும். 'இண்டிபெண்டன்ட்' என்பதே போதும்.

இனிப் பதவிகள். இன்டெண்டன்ட் என்பவர் அரங்கின் தலைவர். நகரமோ மாநிலமோ குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு அவரை நியமிக்கும். எந்த நாடகம், எந்த இயக்குநர், யாரைக் குழுவில் வைத்துக்கொள்வது என்பதெல்லாம் அவர் கையில். 'ஆர்ட்டிஸ்டிக் டைரக்டர்' என்று எழுதினால் கலைப் பாதி வந்துவிடும், நிர்வாகப் பாதி விடுபடும். ஓபரா இல்லமாக இருந்தால் 'ஜெனரல் டைரக்டர்' நன்றாகவே பொருந்தும். ஓபரா பற்றி எழுதும் ஆங்கிலப் பத்திரிகைகள் 'இன்டெண்டன்ட்' என்று அப்படியே அச்சிடுவதும் உண்டு. பேச்சு நாடக அரங்கின் பருவ மலர் என்றால் நான் 'ஆர்ட்டிஸ்டிக் டைரக்டர்' என்றே போட்டுவிடுவேன்; ஒப்பந்தம் என்றால் ஜெர்மன் சொல்லை வைத்துப் பக்கத்தில் விளக்கம் தருவேன். இன்னொரு எச்சரிக்கை: ஜெர்மனியில் பொது வானொலி, தொலைக்காட்சி நிலையத் தலைவருக்கும் இதே பெயர்தான். அங்கே 'டைரக்டர்-ஜெனரல்' என்று வரும்.

டிராமாடுர்க் என்ற சொல்லுக்குப் பெரிய வரலாறு இருக்கிறது. 1767இல் ஹாம்பர்க்கில் தேசிய நாடக அரங்கு ஒன்றைத் தொடங்கினார்கள். நாடகாசிரியரும் விமர்சகருமான லெஸ்ஸிங்கை அங்கே சம்பளத்துக்கு அமர்த்தி, அரங்கேறும் நாடகங்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அரங்கு இரண்டே ஆண்டுகளில் படுத்துவிட்டது. அவர் எழுதிய கட்டுரைகள் நிலைத்துவிட்டன. கூடவே அந்தப் பதவியும். இன்றைக்கு ஜெர்மன் அரங்குகளில் டிராமாடுர்க்குகளுக்கென்று தனித் துறையே உண்டு. இன்டெண்டன்டோடு உட்கார்ந்து பருவத்தின் நாடகங்களைத் தேர்வு செய்வது, வந்து குவியும் புதிய பிரதிகளைப் படிப்பது, பழைய பிரதிகளை வெட்டி மேடைக்கேற்ற வடிவம் தயாரிப்பது, ஒத்திகையில் இயக்குநரின் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்பது, நிகழ்ச்சி மலர் எழுதுவது, நாடகம் தொடங்குமுன் பார்வையாளருக்கு அறிமுக உரை நிகழ்த்துவது ஆகிய எல்லாமே இவர் வேலை.

பிரிட்டனில் நெடுங்காலம் இப்படி ஒரு பதவி இல்லை. 1963இல் லாரன்ஸ் ஒலிவியரின் தலைமையில் தேசிய நாடக அரங்கு தொடங்கியபோது விமர்சகர் கென்னத் டைனனை இதைப்போன்ற ஒரு வேலைக்கு எடுத்தார்கள். அவருக்குக் கொடுத்த பெயர் 'லிட்டரரி மேனேஜர்'. அது பிரதி தேர்ந்தெடுக்கும் பாதியை நன்றாகச் சொல்கிறது. ஒத்திகை அறைக்குள் நடக்கும் பாதியைச் சொல்வதில்லை. அமெரிக்காவில் டிராமாடுர்க் என்ற சொல் வேரூன்றிவிட்டது. 1985இல் அங்கே உருவான தொழில் அமைப்பு தன் பெயரிலேயே 'லிட்டரரி மேனேஜர்', 'டிராமாடுர்க்' இரண்டையும் சேர்த்துக்கொண்டது. எனவே இன்று இந்தச் சொல்லைத் தயங்காமல் அப்படியே எழுதலாம். எழுத்துக்கூட்டலில் மட்டும் கவனம் வேண்டும். கடைசியில் 'ஈ' சேர்த்து எழுதினால் அது பிரெஞ்சுச் சொல்லாகிவிடும். பிரெஞ்சில் அதற்கு நாடகாசிரியர் என்று பொருள். அந்த 'ஈ' இல்லாத வடிவத்தையே நான் பயன்படுத்துகிறேன்.

பதவியைவிடத் துறையின் பெயர்தான் அதிகத் தொல்லை தரும். 'டிராமாடுர்கீ' என்பது ஜெர்மனில் மூன்று வேலை செய்கிறது: அரங்கில் அந்தத் துறை, அந்தத் துறை செய்யும் பணி, ஒரு நாடகத்தின் உள்கட்டுமானம். 'டிராமடர்ஜி' என்ற ஆங்கிலச் சொல் முதல் பொருளைத் தாங்காது. 'டிராமாடுர்கீயைத் தொடர்புகொள்ளவும்' என்று மலரின் கடைசிப் பக்கத்தில் இருந்தால் 'டிராமடர்ஜி டிபார்ட்மென்ட்' என்று எழுதுங்கள். நாடகத்தின் டிராமாடுர்கீ பலவீனமாக இருக்கிறது என்று ஒரு விமர்சகர் எழுதியிருந்தால் 'ஸ்ட்ரக்சர்' என்று போட்டு நகர்ந்துவிடுங்கள்.

'ரெஜிஸோர்' என்பது டைரக்டர், இதில் சிக்கலில்லை. பிரிட்டனில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நாடக இயக்குநரை 'புரொட்யூசர்' என்றுதான் அழைத்தார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பழைய மொழிபெயர்ப்பொன்றை மேற்கோள் காட்டும்போது அந்தச் சொல்லைப் பணம் போடுகிறவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 'ரெஜீதேயாட்டர்' என்பது இயக்குநரின் விளக்கமே மேலோங்கி நிற்கும் தயாரிப்பு முறை. இதை ஜெர்மனியிலேயே பாதிப் பேர் பாராட்டாகவும் பாதிப் பேர் வசையாகவும் சொல்கிறார்கள். 'டைரக்டர்ஸ் தியேட்டர்' என்பது அந்த இரண்டு தொனியையும் ஓரளவு தாங்கும்.

இன்ஸ்பிட்ஸியென்ட்தான் உண்மையான கண்ணி. அகராதி 'ஸ்டேஜ் மேனேஜர்' என்கிறது. மேடையின் ஓரத்தில் ஒரு மேசையில் உட்கார்ந்து, ஒளி மாறவும் திரை இறங்கவும் நடிகர் உள்ளே போகவும் சைகை கொடுப்பவர் இவர். அதுவரை சரி. ஆனால் ஆங்கில மரபில் ஸ்டேஜ் மேனேஜர் ஒத்திகையின் முதல் நாளிலிருந்து கூடவே இருப்பவர். நடிகர்களின் அசைவுகளைக் குறித்துக்கொள்வது, அட்டவணை போடுவது, நாடகம் தொடங்கிய பிறகு அது தடம் புரளாமல் காப்பது வரை அவர் பொறுப்பு. பிரிட்டனில் இதை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். சைகை கொடுப்பவர் 'டெப்யூட்டி ஸ்டேஜ் மேனேஜர்'. ஜெர்மனியில் பிரிக்கும் விதமே வேறு. அசைவுகளைக் குறித்துவைக்கும் 'ரெஜீபூக்' என்ற ஏடு உதவி இயக்குநரிடம் இருக்கும். முதல் காட்சி முடிந்ததும் இயக்குநர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். பிறகு ஒவ்வோர் இரவும் உட்கார்ந்து பார்த்து, தளர்ந்துபோன இடங்களை முடுக்கிவிடுவதும் அந்த உதவி இயக்குநர்தான். இந்தப் பொறுப்புக்கு 'ஆபெண்ட்ஷ்பீல்லைட்டுங்' என்று பெயர். நேர்ச்சொல் கிடையாது. அந்த இரவின் நிகழ்ச்சிக்குப் பொறுப்பாளர் என்று விளக்கித்தான் எழுத வேண்டும். வசனம் மறந்தால் எடுத்துக் கொடுக்க 'சூஃப்ளோஸ' என்று இன்னொருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார், ஆங்கிலத்தில் 'ப்ராம்ப்டர்'. லண்டனில் இது ஏறக்குறைய மறைந்துபோன தொழில். ஜெர்மனியில் இன்றைக்கும் பலருக்கு முழுநேர வேலை.

இத்தோடு விட்டார்களா? 'ப்யூனென்மைஸ்டர்' என்று ஒருவர் இருக்கிறார். ப்யூன என்றால் மேடை, மைஸ்டர் என்றால் தலைவர். ஆக 'ஸ்டேஜ் மேனேஜர்' என்று கணினி மொழிபெயர்த்துவிடும். உண்மையில் இவர் மேடைத் தொழிலாளர்களின் தலைவர், மேடைப் பாதுகாப்புக்குச் சட்டப்படி பொறுப்பேற்பவர். 'மைஸ்டர்' என்பது தேர்வெழுதிப் பெறும் தொழிற்பட்டம். அவர் கூடாதென்றால் காட்சியை அப்படி நடத்த முடியாது. 'ஹெட் ஆஃப் ஸ்டேஜ்' அல்லது 'மாஸ்டர் கார்ப்பென்டர்' என்று எழுதலாம். சுற்றுப்பயணக் குழு ஒன்றின் தொழில்நுட்பக் குறிப்பில் இன்ஸ்பிட்ஸியென்டும் ப்யூனென்மைஸ்டரும் இருவருமே ஸ்டேஜ் மேனேஜர் ஆகிவிட்டால், தொங்கும் தட்டியின் எடையைப் பற்றிய கேள்வி ஒளிச் சைகை கொடுப்பவரிடம் போய்ச் சேரும்.

ஒத்திகைகளின் பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது 'பவுப்ரோப' ('ப்ரோப' என்றால் ஒத்திகை). நடிகர்களின் ஒத்திகை தொடங்குவதற்குப் பல வாரங்கள், சில சமயம் மாதங்கள் முன்பே, காட்சியமைப்பை மரச் சட்டம், துணி, கிடங்கில் கிடக்கும் பழைய தட்டிகள் ஆகியவற்றைக் கொண்டு உண்மையான மேடையில் உண்மையான அளவில் நிறுத்திப் பார்ப்பார்கள். மேல்மாடத்துக் கடைசி இருக்கையிலிருந்து பார்த்தால் கதவு தெரிகிறதா, அந்தச் சுவர் இன்னும் அரை மீட்டர் பின்னால் போக வேண்டுமா என்பதெல்லாம் அன்றைக்கு முடிவாகும். நடிகர்கள் யாரும் வர மாட்டார்கள். சொந்த மேடையும் சொந்தப் பட்டறையும் உள்ள அரங்குக்குத்தான் இப்படியொரு நாள் சாத்தியம். வாடகைக்கு மேடை எடுத்து ஓட்டுகிறவர்களுக்கு அந்த ஆடம்பரம் ஏது? அதனால் ஆங்கிலத்தில் சொல்லும் இல்லை. 'செட் மாக்-அப்' என்று எழுதினால் புரியும். ஜெர்மனியில் வேலை செய்யும் ஆங்கிலேய வடிவமைப்பாளர்கள் ஜெர்மன் சொல்லையே சொல்லிவிடுகிறார்கள். இதை 'ரிகர்சல்' என்று மட்டும் பெயர்த்தால் நடிகர்கள் வந்து நிற்பார்கள்.

நேர் எதிரான கதை 'ஸிட்ஸ்ப்ரோப'வுக்கு. பாடகர்கள் உட்கார்ந்தபடியே இசைக்குழுவோடு முதல் முறை சேர்ந்து பாடிப் பார்க்கும் ஒத்திகை இது. இந்தச் சொல்லை ஆங்கிலம் முழுங்கியே விட்டது. பிராட்வே இசை நாடகக்காரர்கள்கூட இதைத்தான் சொல்கிறார்கள். இதை மொழிபெயர்க்க முயல்வது வீண் வேலை.

மற்றவை எளிது. 'லேஸெப்ரோப' என்பது ரீட்-த்ரூ, நடிகர்கள் பிரதியை வாசித்துப் பார்க்கும் ஒத்திகை. 'ஹவுப்ட்ப்ரோப', அதாவது முக்கிய ஒத்திகை, ஒன்று, இரண்டு என்று வந்து, கடைசியில் 'கெனெரால்ப்ரோப' வரும். கடைசியானதை 'டிரெஸ் ரிகர்சல்' என்கிறார்கள். ஆனால் ஹவுப்ட்ப்ரோபவையும் பெரும்பாலும் உடையோடுதான் நடத்துகிறார்கள் என்பதால் 'ஃபைனல் டிரெஸ்' என்று எழுதினால் குழப்பம் வராது. கெனெரால்ப்ரோப சொதப்பினால் முதல் காட்சி நன்றாக நடக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. முதல் நாள் யாராவது 'டோய் டோய் டோய்' என்று வாழ்த்தினால் நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் ராசி போய்விடும். ஓபராவைச் சேர்ந்த ஆங்கிலேயர்களும் இதை அப்படியே சொல்கிறார்கள் என்பதால் இங்கேயும் உங்களுக்கு வேலை இல்லை.

முதல் காட்சிக்கு வருவோம். ஜெர்மனில் 'ப்ரெமியேர்' என்றால் பொதுமக்கள் முன் முதல் காட்சி, பத்திரிகைக்காரர்கள் வருவதும் அன்றைக்கே. லண்டனில் ப்ரிவ்யூ காட்சிகள் பல நாள் ஓடி, அதற்குப் பிறகுதான் 'பிரஸ் நைட்'. ஜெர்மன் அரங்குகளில் ப்ரிவ்யூ வழக்கம் குறைவு. ஆகவே 'ஓப்பனிங் நைட்' பாதுகாப்பான சொல். உரிமை சம்பந்தப்பட்ட சொற்களில் மட்டும் இந்தத் தாராளம் கூடாது. 'ஊர்அவுஃப்யூருங்' என்றால் உலகிலேயே முதல் அரங்கேற்றம். 'ஏர்ஸ்ட்அவுஃப்யூருங்' என்றால் ஒரு நாட்டில், அல்லது ஒரு மொழியில், முதல் அரங்கேற்றம். லண்டனில் ஏற்கெனவே நடந்த நாடகத்தின் ஜெர்மன் மொழி முதல் காட்சியை 'வேர்ல்ட் ப்ரீமியர்' என்று அச்சடித்துவிட்டால் பதிப்பாளரிடமிருந்து கடிதம் வரும்.

'வீடர்அவுஃப்நாம' என்பது ஏற்கெனவே உள்ள தயாரிப்பைப் புதிய பருவத்தில் மறுபடி எடுத்துக்கொள்வது. ஓபரா உலகில் 'ரிவைவல்' என்றால் இதேதான். பேச்சு நாடகத்தில் அப்படியில்லை. பழைய நாடகம் ஒன்றை முற்றிலும் புதிதாக மேடையேற்றினாலும் ஆங்கிலத்தில் அது ரிவைவல்தான், அதற்கென்று அமெரிக்க நாடக விருதான டோனியில் தனிப் பிரிவே இருக்கிறது. எனவே பேச்சு நாடகம் என்றால் 'இந்தப் பருவத்தில் மீண்டும் வருகிறது' என்ற பொருளில் 'ரிட்டர்னிங்' என்று எழுதுவேன்.

இன்னும் ஒரு மும்மை. இயக்குநர் உருவாக்கி நிலைநிறுத்தியது 'இன்ஸெனீருங்'. ஒரு குறிப்பிட்ட மாலையில் நடிகரும் பார்வையாளரும் சேர்ந்து நிகழ்த்துவது 'அவுஃப்யூருங்'. டிக்கெட் வாங்கிப் போவது 'ஃபோர்ஷ்டெல்லுங்'. முதலிரண்டுக்கும் உள்ள வேறுபாட்டின்மேல்தான் பேராசிரியர் எரிகா ஃபிஷர்-லிஷ்ட தம் கோட்பாட்டையே கட்டினார். ஆங்கிலத்தில் 'புரொடக்‌ஷன்', 'பெர்ஃபார்மன்ஸ்' என்று பிரித்துவிடலாம். ஆனால் ஜெர்மனில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்று ஆங்கிலச் சொல்லாகவே வந்தால் அது வேறு பொருள்: நிகழ்த்துக்கலை. அந்தச் சொல்லைக் கண்டதும் நிம்மதியாக அப்படியே நகலெடுக்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அதை 'பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட்' என்று நீட்டி எழுதுங்கள்.

கட்டடத்துக்குள் இதுபோன்ற போலி நண்பர்கள் இன்னும் இருக்கிறார்கள். 'மாஸ்க' என்பது பெரும்பாலும் முகமூடி அல்ல. ஒப்பனை, சிகைத் துறை. 'கார்டரோப' என்பது பார்வையாளர் கோட்டு கழற்றி வைக்கும் இடமாகவும் இருக்கலாம், நடிகரின் உடைமாற்றும் அறையாகவும் இருக்கலாம்; எந்தக் கதவின் மேல் எழுதியிருக்கிறது என்று பார்த்துத்தான் பெயர்க்க முடியும். 'பார்கெட்' என்பது தரையில் பதிக்கும் மரம் இல்லை, கீழ்த்தள இருக்கைகள். பிரிட்டனில் 'ஸ்டால்ஸ்', அமெரிக்காவில் 'ஆர்க்கெஸ்ட்ரா'.

அமெரிக்கா, பிரிட்டன் என்று பிரிந்துகொண்டே வருகிறது, கவனித்தீர்களா? தொழில்நுட்பச் சொற்களில் இது இன்னும் அதிகம். சுழல்மேடையை 1896இல் கார்ல் லவுட்டென்ஷ்லேகர் மியூனிக்கில் அமைத்தார். அந்த 'ட்ரேப்யூன' லண்டனில் 'ரிவால்வ்', நியூயார்க்கில் 'டர்ன்டேபிள்'. தீப்பிடித்தால் மேடையையும் அவையையும் பிரிக்க இறங்கும் 'ஐஸர்னர் ஃபோர்ஹாங்' சொல்லுக்குச் சொல் 'இரும்புத் திரை'. 1881இல் வியன்னாவின் ரிங்தேயாட்டர் தீப்பற்றி நூற்றுக்கணக்கானோர் இறந்த பிறகு இத்தகைய பாதுகாப்பு விதிகள் கடுமையாயின. 1946இல் சர்ச்சில் பேசிப் புகழ்பெற வைத்த அரசியல் உருவகம் இதிலிருந்து வந்ததுதான். ஆனால் மேடைக் குறிப்பில் 'அயர்ன் கர்ட்டன்' என்று எழுதினால் சிரிப்பார்கள். பிரிட்டனில் 'சேஃப்டி கர்ட்டன்', பேச்சில் வெறும் 'அயர்ன்'. அமெரிக்காவில் 'ஃபயர் கர்ட்டன்'.

சொல் சரியாக இருந்தும் பொருள் தலைகீழாகும் ஒரு இடம் இருக்கிறது: இடது, வலது. ஜெர்மன் அரங்கில் பொதுவாக இவற்றைப் பார்வையாளரின் பக்கத்திலிருந்து சொல்வார்கள். ஆங்கிலத்தில் 'ஸ்டேஜ் லெஃப்ட்', 'ஸ்டேஜ் ரைட்' என்பன அவையை நோக்கி நிற்கும் நடிகரின் இடதும் வலதும். ஆகவே ஜெர்மன் குறிப்பில் 'ரெஷ்ட்ஸ்', அதாவது வலது, என்று இருந்தால் அது ஆங்கிலத்தில் 'ஸ்டேஜ் லெஃப்ட்'. சரியாகப் பெயர்த்தோம் என்ற திருப்தியோடு அனுப்பிய குறிப்பால் படிக்கட்டு எதிர்ப்பக்கத்தில் போய் நிற்கும். வரைபடத்தை வாங்கிப் பார்க்காமல் இந்தச் சொற்களைத் தொடாதீர்கள்.

கோட்பாட்டுச் சொற்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பருவ மலர்களில் ஜெர்மன் நாடகாசிரியரும் இயக்குநருமான பிரெக்ட் எப்படியும் வந்துவிடுவார். 1935இல் அவர் மாஸ்கோவில் சீன நடிகர் மேய் லான்ஃபாங்கின் நடிப்பைப் பார்த்தார். அதைப்பற்றி எழுதிய கட்டுரை முதலில் ஆங்கில மொழிபெயர்ப்பாகத்தான் 1936இல் லண்டனில் வெளிவந்தது. அதில், பழகியதைப் புதிதாகத் தோன்றச் செய்யும் உத்திக்கு பிரெக்ட் வைத்த 'ஃபெர்ஃப்ரெம்டுங்' என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர் போட்டது 'டிஸ்இல்லூஷன்'. மாயை கலைவது என்ற பொருளில் அது அவ்வளவு மோசமில்லை என்றாலும், ஏமாற்றம் என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. 1964இல் ஜான் வில்லெட் தொகுத்த பிரெக்டின் அரங்கக் கட்டுரைகளில் அது 'ஏலியனேஷன்' ஆயிற்று; அதுவே பாடநூல்களில் உறைந்தும் போனது. சிக்கல் என்னவென்றால், மார்க்ஸ் பேசும் 'என்ட்ஃப்ரெம்டுங்' என்பதற்கும் ஆங்கிலம் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. ஒன்று தொழிலாளிக்கு நேரும் கேடு; மற்றொன்று கலைஞன் வேண்டுமென்றே செய்யும் வேலை, பழகிப்போனதைப் புதிதாகப் பார்க்க வைப்பது. பிரெக்டே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார்: தாய்க்கு மறுமணம் ஆகி மாற்றாந்தந்தை வந்த பிறகுதான், அவள் ஒரு மனிதனின் மனைவியும்கூட என்பது பிள்ளைக்குக் கண்ணில் படுகிறது. இதில் விலகலோ வெறுப்போ எங்கே இருக்கிறது? 'ஏலியனேஷன்' என்ற சொல்லை நம்பிய எத்தனையோ ஆங்கிலத் தயாரிப்புகள், நடிகன் உணர்ச்சியே காட்டாமல் நின்றால் அது பிரெக்ட் என்று நினைத்துக்கொண்டன.

வில்லெட்டை மட்டும் குறைசொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பிரெக்டே முப்பதுகளின் நடுவில் எழுதிய ஒரு கட்டுரையில் இதே கருத்துக்கு 'என்ட்ஃப்ரெம்டுங்' என்றுதான் எழுதினார். ஃபெர்ஃப்ரெம்டுங் பிறகு வந்து இடம்பிடித்தது. இப்போது 'எஸ்ட்ரேஞ்ச்மென்ட்', 'டிஃபெமிலியரைசேஷன்' என்று பலர் எழுதுகிறார்கள். ஆய்வு நூல்களில் ஜெர்மன் சொல்லையே வைக்கும் போக்கு வலுத்திருக்கிறது. உங்கள் மலருக்கு 'எஸ்ட்ரேஞ்ச்மென்ட்' போதும். தமிழிலும் பிரெக்ட் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாக வந்ததால், மார்க்சுக்குச் சொல்லும் 'அந்நியமாதல்' அவர் தலையிலும் ஏறிக்கொண்டது. பிரெக்ட் தம் அரங்குக்கு வைத்த அடைமொழியான 'எபிஷ்' கதையும் இதுதான். ஜெர்மனில் அது கதைசொல்லும் முறையைக் குறிக்கும். ஆங்கிலத்தில் 'எபிக்' என்றதும் பிரம்மாண்டம் வந்துவிடுகிறது, நம் 'காவிய அரங்கு' அதையும் தாண்டிவிட்டது. ஆனால் ஆங்கிலத்தில் அது இனி மாற்ற முடியாத அளவுக்கு ஊறிவிட்டது, விட்டுவிடுங்கள். 'லேர்ஷ்ட்யூக்' என்பதற்கு மட்டும் 'டைடாக்டிக் ப்ளே' என்று எழுதாதீர்கள். 'லேர்னிங் ப்ளே' என்ற ஆங்கிலச் சொல்லைப் பிரெக்டே பரிந்துரைத்திருக்கிறார். நடிப்பவர்கள் நடித்துக் கற்றுக்கொள்ளும் நாடகம் அது. பார்ப்பவருக்குப் பாடம் எடுப்பது அதன் நோக்கமன்று.

ஒரு தவறான சொல் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பென்யமினின் நூல் ஒன்று சாட்சி. 1928இல் வெளிவந்த அந்த நூலின் முக்கிய வாதங்களில் ஒன்று, 'ட்ரவர்ஷ்பீல்' வேறு, 'ட்ரகோடிய' வேறு என்பது. முதலாவது துக்கத்தைக் காட்சியாக விரிக்கும் பரோக் கால நாடகம், இரண்டாவது கிரேக்கத் துன்பியல். 1977இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அட்டையிலேயே ட்ரவர்ஷ்பீலை 'ட்ராஜிக் டிராமா' ஆக்கியது. நூல் எதைப் பிரிக்கப் பாடுபட்டதோ அதைத் தலைப்பு ஒட்டவைத்துவிட்டது. 2019இல் வந்த புதிய மொழிபெயர்ப்பில்தான் ஜெர்மன் சொல் தலைப்புக்குத் திரும்பியது. 42 ஆண்டுகள்!

கடைசியாக உங்கள் ஒப்பந்தங்கள். ஜெர்மன் அரங்கக் கலைஞர்கள் பெரும்பாலும் 'என்ஃபாவ் ப்யூன' என்ற கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் வருகிறார்கள். அதன்படி ஒப்பந்தம் குறிப்பிட்ட காலத்துக்கானது. உரிய தேதிக்குள் யாரும் மறுத்து எழுதாவிட்டால் தானே அடுத்த பருவத்துக்கு நீளும். அப்படி மறுத்து எழுதுவதன் பெயர் 'நிஷ்ட்ஃபெர்லெங்கருங்', அதாவது நீட்டிக்காமை. இதை 'டெர்மினேஷன்' என்றோ 'டிஸ்மிஸல்' என்றோ எழுதக் கூடாது. பணிநீக்கத்துக்கு ஜெர்மன் சட்டத்தில் வேறு சொல், வேறு விதிகள், வேறு பாதுகாப்புகள். 'நான்-ரின்யூவல்' என்று எழுதி, ஒவ்வொரு முறையும் ஜெர்மன் சொல்லைச் சாய்வெழுத்தில் கூடவே வையுங்கள். 'ஸோலோ' என்று அதே ஒப்பந்தத்தில் வந்தால் தனிப்பாடகர் என்று அவசரப்பட வேண்டாம். அந்தப் பிரிவில் நடிகரும், டிராமாடுர்க்கும், இன்ஸ்பிட்ஸியென்டும், சூஃப்ளோஸவும்கூட அடக்கம். ஆங்கில வாசகம் புரிதலுக்காக மட்டுமே, கருத்து வேறுபாடு வந்தால் ஜெர்மன் வாசகமே செல்லும் என்ற வரி முதல் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.